வெளித் தண்ணீர்

படகுக்குப் பாவாடை தைத்துக் கட்டியவள் எங்கே என்று கேட்டால் போதும், படகுத்துறையில் யாரும் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். மூன்றாவது மிதவைப் பாலம், பதினேழாம் எண் படகு. காட்டும்போது ஒரு சிரிப்பும் கூடவே வரும். சிரித்துவிட்டுப் போகட்டும். வேலை வெட்டி இல்லாதவர்களுக்கு அடுத்தவர் படகு என்ன உடுத்தியிருக்கிறது என்று பார்ப்பதைவிட வேறு பொழுதுபோக்கு ஏது?

அவளுக்குத் தொழில் பேருந்துப் பணிமனையில் இருக்கை தைப்பது. இருபத்திரண்டு வருடமாக அதே மூலை, அதே இரட்டை ஊசி மெஷின். கிழிந்த ரெக்சினை உரித்துப் போட்டுப் புதிது தைத்து மாட்டுவாள். மறுமாதமே அது மறுபடி வந்துவிடும். பிளேடால் கீறியிருப்பான் ஒருவன், காதலியின் பெயரைக் குடைந்திருப்பான் இன்னொருவன், மென்று துப்பியதை அடியில் ஒட்டியிருப்பான் மூன்றாமவன். மனிதர்கள் மேல் நல்ல அபிப்பிராயம் வர வழியே இல்லாத தொழில். பணிமனையில் அவளுக்குத் தையலக்கா என்று பெயர். சொந்தப் பெயரைச் சம்பள நாளன்று மட்டும் கூப்பிடுவார்கள்.

நாற்பத்தொன்றாம் வயதில் அவள் அந்தப் பாய்மரப் படகை வாங்கினாள். இருபத்திரண்டு அடி நீளம், இரண்டு பேர் படுக்கலாம், மூன்றாமவர் வந்தால் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். உறவு முழுக்க வாயில் கையை வைத்தது. “கல்யாணம் பண்ணிக்கடின்னா படகு வாங்கிட்டு வந்து நிக்கிறாளே!” என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“ரெண்டும் தண்ணியிலதான் இருக்கும் பெரியம்மா. ஆனா இது சாயங்காலம் வீட்டுக்கு வந்து கத்தாது” என்றாள் இவள்.

படகு விஷயத்தில் அவளுக்குத் துணை நின்றது தம்பி ஒருவன்தான். அவன் படகுத்துறை நிறுவனத்தில் முக்குளிக்கிற வேலை பார்த்தான். அதனால் அவன் பெயரும் முக்குளி. இடுப்பில் ஈயப்பட்டையைக் கட்டி, வாயில் காற்றுக்குழாயைக் கவ்விக்கொண்டு, கட்டிக் கிடக்கிற படகுகளுக்கு அடியில் இறங்கி, ஒட்டியிருக்கிற கொட்டலசு, சிப்பி எல்லாவற்றையும் சுரண்டுவான். படகை உந்துகிற பின்புறத்து விசிறிக்குப் பக்கத்தில் ஒரு துத்தநாகக் கட்டி திருகியிருக்கும். உப்புத் தண்ணீர் முதலில் அதைத்தான் தின்னும். அது தீர்கிற வரைக்கும் மற்ற உலோகத்தைத் தொடாது. துறையில் அதற்குப் பலியாடு என்று பெயர். வருடத்துக்கு ஒருமுறை பலியாட்டை மாற்றுவதும் முக்குளியின் வேலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் தம்பியும் பாயை விரித்து, துறை இருக்கிற ஆற்று முகத்திலிருந்து அலைதடுப்புச் சுவரைத் தாண்டிப் போவார்கள். அந்தச் சுவருக்கு அப்பால் இருக்கிற கடலுக்குத் துறைக்காரர்கள் வைத்த பெயர் ‘வெளி’. “வெளிக்குப் போயிட்டு வரோம்” என்று அவர்கள் சொல்லும்போது புதிதாக வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பழகிவிட்டால் அவர்களும் அப்படியே சொல்லத் தொடங்கிவிடுவார்கள். வெளித் தண்ணீர் நீலமாக, அடி தெரிகிற சுத்தமாக இருக்கும். அதைச் சொல்லி வைத்துவிடுகிறேன், பின்னால் இந்த ஒரு வார்த்தைதான் குடியைக் கெடுக்கப்போகிறது.

துறைக்கு மேற்கே ஆற்றங்கரையில் முலாம் பூசும் தொழிற்சாலை வந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. குழாய், கைப்பிடி, கார் உதிரிகள் என்று பளபளப்பேற்றி அனுப்புவார்கள். பளபளப்பு லாரியில் போகும், கழிவு ஆற்றில் வரும். முதலில் மாதம் ஒருமுறை தண்ணீர் பச்சையாகும். பிறகு வாரம் ஒருமுறை. அப்புறம் எந்த நாள் பச்சையாகாது என்று எண்ண வேண்டியதாயிற்று. பதினேழாம் எண் படகில் தண்ணீர் தொடுகிற மட்டத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. வருடம் தாங்க வேண்டிய பலியாடு பத்து வாரத்தில் கரைந்துபோனது. ஒருநாள் முக்குளி மேலே வந்து கையைத் திறந்து காட்டினான். பின்புறத்து விசிறியில் உடைந்த ஒரு துண்டு. பித்தளை மஞ்சளாக இல்லை, ஈறு மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. நகத்தால் கீறியபோது பிஸ்கட்டைப் போல உதிர்ந்தது.

“பித்தளையையே இப்படித் தின்னுதுன்னா பாத்துக்கக்கா” என்றான்.

அவள் பித்தளையைப் பார்க்கவில்லை, அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். ரப்பர் உடை முடிகிற இடத்தில் வளையல் போட்டாற்போல் சிவந்து, தோல் உரிந்து, அங்கங்கே நீர் கோத்திருந்தது. கழுத்திலும் அதே. எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, “அது ஒண்ணுமில்ல” என்றான். தம்பிமார்கள் சொல்கிற ‘ஒண்ணுமில்ல’வை நம்புகிற அக்கா யாரும் இல்லை. அவன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் விசாரித்தாள். “மூணு மாசமா இருக்கு அண்ணி. சோறு பிசைய முடியல, ஸ்பூன்ல சாப்பிடறார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னார்” என்று அவள் மூக்கை உறிஞ்சினாள்.

நிறுவனத்து மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்தார். துறை மேலாளரிடம் அவளே நேரில் போய்க் கேட்டாள். அவர் கெட்டவரில்லை, நல்லவராக இருக்க உத்தரவு வராதவர். “கரையில இன்ஜின் கொட்டகையில ஒருத்தர் வருஷக் கடைசியில ஓய்வு பெறுறாரும்மா. அந்த வேலையத் தம்பிக்கே குடுத்துடலாம். தண்ணியால வந்த நோயின்னு டாக்டர் எழுதணும், அவ்வளவுதான்” என்றார். மருத்துவரிடம் போனால், “தண்ணி கெட்டதுன்னு அதிகாரபூர்வமா ஒரு காகிதம் கொண்டாங்க, எழுதித் தரேன்” என்றார். ஆகக் கடைசியில் எல்லாம் ஒரு காகிதத்தில் வந்து நின்றது. அது கிடைத்தால் தம்பி கரையேறுவான், கிடைக்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே கிடப்பான்.

நீர்த்தரச் சோதனை அலுவலகத்தில் அவளுடைய மனு இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை ‘ஆற்று நீர்’ என்று எழுதியிருந்தாள். கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “ஆறுன்னா எந்த ஆறும்மா? அது அம்பது மைல் ஓடுது.” இரண்டாம் முறை ‘படகுத்துறை நீர்’ என்று எழுதினாள். “துறையில எந்த இடம்? எங்க ஆளு எங்க பாட்டில முக்கணும்? நீங்க தெளிவா எழுதலேன்னா அந்தத் தொழிற்சாலைக்காரங்க அவங்களுக்குத் தோதான இடத்தக் காட்டிடுவாங்க. அப்புறம் என்னக் குத்தம் சொல்லக் கூடாது.”

அது அவள் மண்டையில் ஆணி அடித்தாற்போல் இறங்கியது. உண்மைதானே, வெளித் தண்ணீரை ஒரு பாட்டில் மொண்டுகொண்டு போனால் யார் கேட்பது? தையல்காரிக்கு அளவு சொல்லித்தர வேண்டுமா? மூன்றாம் முறை இப்படி எழுதினாள்: ‘மூன்றாம் மிதவைப் பாலத்தில் கட்டப்பட்டுள்ள பதினேழாம் எண் படகின் அடிப்பாகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீர்.’ கிளார்க் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். “இது மனு. எல்லாரும் இப்படி எழுதினா நாங்க ஏன் திருப்பி அனுப்பப்போறோம்?” அன்று அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மனு போன இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு மாதம், இரண்டு மாதம், நான்கு மாதம். கேட்டால் ‘வரிசையில் இருக்கிறது’ என்றார்கள். இதற்குள் படகின் கொப்புளங்கள் உடைந்து மரம் தெரிய ஆரம்பித்தது. காகிதத்தை நம்பினால் படகு மிஞ்சாது என்று அவளுக்குத் தோன்றியது. அப்போதுதான் பாவாடை யோசனை வந்தது.

லாரிக்குப் போடுகிற கனத்த தார்ப்பாய். படகின் வயிற்றுக்கு அளவெடுத்து, ஒரு கை இடம் விட்டு, பெரிய தொட்டிப் பை மாதிரி வெட்டினாள். ஒவ்வொரு தையலையும் இரட்டையாக மடித்து ஓட்டி, மேலே சூடுகாட்டிப் பட்டை ஒட்டினாள். வாய்விளிம்பைச் சுற்றிக் காலி எண்ணெய் கேன்களைக் கோத்தாள், அது மிதக்க. படகை அதற்குள் நிறுத்திவிட்டு, உள்ளே இருக்கிற அழுக்குத் தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்துவிட்டு, பாலத்துக் குழாயிலிருந்து நல்ல தண்ணீரை நிரப்பிவிட வேண்டியது. ஆறு நாறினாலும் படகு குழாய்த் தண்ணீரில் மிதக்கும். பணிமனையில் மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தைத்தாள். “என்னக்கா, யாருக்குச் சடங்கு?” என்று மெக்கானிக் கேட்டான். “உனக்குத்தான், அளவெடுக்க வா” என்றாள்.

தைப்பது அவள் வேலை. கட்டுவது? படகுக்கு அடியில் ஓர் ஆள் உயரத்துக்கு இரும்புத் தகடு இறங்கியிருக்கும். அதற்குக் கீழே பாயை நுழைத்து மறுபக்கம் இழுக்க ஒருவன் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். யார் இறங்குவது? முக்குளிதான் இறங்கினான். சனிக்கிழமை காலை இறங்கியவன் சாப்பாட்டு நேரம் தாண்டி ஏறினான். அன்றைக்குத் தண்ணீர் நல்ல பச்சை. மேலே வந்து கையுறையைக் கழற்றியபோது உள்பக்கத்தோடு தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. அவள் அவன் கையைப் பிடிக்கப் போனாள்.

“அத விடு. உன் படகப் பாரேன், அழுக்குப் படாத மாப்பிள்ளை மாதிரி நிக்குது” என்று அவன் சிரித்தான்.

பாவாடைக்குள் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. விளிம்பில் உட்கார்ந்து காக்கைகள் குடித்தன. கொப்புளம் நின்றது, புதுப் பலியாடு பளபளவென்று அப்படியே இருந்தது. வாரம் ஒருமுறை குழாயை விட்டுத் தண்ணீர் மாற்றினாள். துறைக்காரர்கள் கிண்டலடித்தார்கள், ஆனால் இரண்டு பேர் தனியாக வந்து, எங்களுக்கும் ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் மனு என்று ஒன்று எழுதியதும், அதில் என்ன எழுதினோம் என்பதும் அவள் நினைவில் ஓரமாக ஒதுங்கிவிட்டன.

ஏழாவது மாதம், ஒரு புதன்கிழமை மதியம், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. சோதனை அலுவலகத்திலிருந்து தண்ணீர் மாதிரி எடுக்க வந்த பாட்டில்காரர். புது ஆள், அன்று அவர் பதினொரு இடம் போக வேண்டியிருந்ததாம். பக்கத்தில் ஒருவன் இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தான். அவளுக்குப் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

“மேடம், துறையிலேர்ந்து பேசறேன்… இங்க சுத்தி ஏதோ… வெளியிலேர்ந்து எடுத்துக்கட்டுமா?”

வெளி! அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. கிளார்க் அன்றைக்கே சொன்னாரே! தொழிற்சாலைக்காரன் ஆளைப் பிடித்துவிட்டான், சுவரைத் தாண்டிக் கடல் தண்ணீரை மொண்டு கணக்குக் காட்டப் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது.

“வெளித் தண்ணி ஒரு சொட்டு எடுக்கக் கூடாது! என்ன நெனச்சுட்டு இருக்கீங்க? மனுவுல என்ன எழுதியிருக்கேன்? படகைத் தொட்டுட்டு இருக்கற தண்ணி! அதத்தான் எடுக்கணும்!”

“இல்ல மேடம், இங்க ஒரு தார்ப்பாய்…”

சுத்தியல் விழுந்தது. “எந்தச் சால்ஜாப்பும் வேணாம் சார். எழுதியிருக்கறபடி எடுங்க, ஒரு அங்குலம் மாறினா நான் மேல போவேன்!”

பாட்டில்காரர் எழுதியிருந்தபடியே எடுத்தார். பதினேழாம் எண் படகைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீரில் இரண்டு பாட்டில். துறைக் காவலாளி சாட்சிக் கையெழுத்துப் போட்டான். நான்கு படகு தள்ளி முக்குளி அப்போது தண்ணீருக்கு அடியில் சிப்பி சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் போனை வைத்துவிட்டு, ‘என்னிடமா?’ என்று மெஷினை மிதித்தாள். அந்தச் சாயங்காலம் தம்பி வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்தாளாம். நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. நீர் நிறமற்றது, மணமற்றது. கன உலோகங்கள் இல்லை. சிறிதளவு குளோரின் உண்டு. குளிப்பதற்கு ஏற்றது. புகாருக்கு ஆதாரமில்லை, கோப்பு முடிக்கப்பட்டது. முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. விலை போய்விட்டார்கள் என்று பல்லைக் கடித்தாள். கடைசி வரிக்கு வந்த பிறகுதான் விளங்கியது: ‘படகைச் சுற்றியுள்ள தார்ப்பாய்த் தடுப்புக்கு வெளியே மாதிரி எடுக்க அலுவலர் அனுமதி கேட்டபோது, புகார்தாரர் மறுத்துவிட்டார்.’

அவள் ஒரு பாட்டில் பச்சைத் தண்ணீரோடு அலுவலகத்துக்கு ஓடினாள். கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“எங்க ஆளு கேட்டிருக்காரேம்மா. நீங்கதான வேண்டாம்னீங்க?”

“நான் சொன்ன வெளி வேற சார். அது கடலு.”

“வெளின்னா வெளிதானேம்மா?”

“சரி, இதப் பாருங்க. குளோரின் இருக்குன்னு உங்க காகிதத்துலயே போட்டிருக்கு. ஆத்துல எங்கேந்து சார் குளோரின் வரும்? அது குழாத்தண்ணின்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியாதா?”

அவர் வரியைத் தேடிப் படித்தார். “அது நல்லதுதானேம்மா, கிருமி இருக்காது” என்றார்.

கையிலிருந்த பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். அதை அவர் ஒரு விரலால் அவள் பக்கம் தள்ளினார். வெளியாள் கொண்டுவரும் தண்ணீர் செல்லாது, ஒரே இடத்தை மறுபடி சோதிக்க இரண்டு வருடம் ஆக வேண்டும் என்று விதியைக் காட்டினார். இவ்வளவும் மரியாதை குறையாமல் சொன்னார். மரியாதையில் என்ன குறைச்சல்! கழுத்தறுப்பவர்கள் எல்லாரும் ‘ம்மா’ போட்டுத்தான் அறுக்கிறார்கள்.

மறுவாரம் தொழிற்சாலை வாசலில் அறிக்கையைப் பெரிதாக அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினார்கள். படகுத்துறைப் பலகையிலும் ஒரு பிரதி ஒட்டப்பட்டது. மருத்துவர் முக்குளியின் சீட்டில் ‘வீட்டு சோப்பினால் ஏற்பட்ட ஒவ்வாமை’ என்று எழுதினார். அவன் மனைவி அதைப் படித்துவிட்டு, “நாலு வருஷமா ஒரே சோப்பு அண்ணி” என்று மட்டும் சொன்னாள்.  திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். இன்ஜின் கொட்டகை வேலை வேறொருவனுக்குப் போனது. “எனக்கும் வருத்தம்தாம்மா. தண்ணி நல்லாயிருக்குன்னு அரசாங்கமே சொன்னப்புறம் நான் என்ன செய்ய?” என்றார் மேலாளர். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. தப்பு முழுக்க அவள் கையெழுத்தில், அவள் குரலில் இருந்தது.

ஒரு நாள் மாலை புது மனு எழுத உட்கார்ந்தாள், இரண்டு வருடம் கழித்துக் கொடுக்க. ‘தார்ப்பாய்க்கு வெளியே’ என்று எழுதினாள். அடித்தாள். ‘அப்பால்’ என்று எழுதினாள். எவ்வளவு அப்பால் என்று கேட்பார்களே. மூன்று தாள் கசங்கியது. அந்த ஒரு வார்த்தையை எப்படி எழுதினாலும் அதற்குள் யாராவது புகுந்துவிடுவார்கள் என்று தோன்றியது. பேனாவை வீசிவிட்டு அழுதாள்.

சனிக்கிழமை காலை பணிமனையின் பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனாள். பாவாடையைக் கிழித்து எறிந்துவிட வேண்டும், படகு அழுகினால் அழுகட்டும். தன் படகைத் தான் காப்பாற்றிக்கொண்டு தம்பியைத் தண்ணீரில் விட்டவள் என்று ஊர் சொல்லவில்லை, அவளே சொல்லிக்கொண்டாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

முக்குளி அவளுக்கு முன்பே அங்கே இருந்தான். முதல் படகை முடித்துவிட்டு ஏறியிருக்கிறான். பாலத்தின் விளிம்பில் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் முழங்கை வரைக்கும் பாவாடைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். தெளிந்த தண்ணீரில் அந்தப் புண்கள் இன்னும் பெரிதாகத் தெரிந்தன.

“என்னடா பண்றே?”

“எரிச்சல் இதுலதான் அடங்குதுக்கா. தெனமும் ரெண்டு தடவை வந்து வெச்சுப்பேன், உனக்குத் தெரியாது.” கண்ணைத் திறந்து கத்தரிக்கோலைப் பார்த்தான்.  “ரிப்போர்ட்ல பொய் ஒண்ணும் இல்லக்கா. இந்தத் தண்ணி நல்லாத்தான் இருக்கு” என்றான்.

குத்திக்காட்டச் சொல்லவில்லை, அவன் அப்படிப்பட்டவன் இல்லை. அதனால்தான் அது அவளைக் குத்தியது. கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டாள். போய்க் குழாயைத் திறந்து, ரப்பர் குழாயின் நுனியை அவன் கைகளுக்குப் பக்கத்தில் பாவாடைக்குள் விட்டாள்.

பாலத்தின் முனையிலிருந்து மேலாளர் கூப்பிட்டார். ஒன்பதாம் எண் படகின் விசிறியில் கயிறு சிக்கிக்கொண்டதாம். முக்குளி எழுந்து, கையைத் துடைக்காமலேயே கையுறையை மாட்டிக்கொண்டான். ஈயப்பட்டையைக் கட்டினான். அன்றைக்குத் தண்ணீர் நல்ல பச்சை. அவன் இறங்கிய இடத்தில் குமிழிகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவள் ரப்பர் குழாயைப் பிடித்தபடி நின்றாள், பாவாடை நிரம்பி வழியும் வரைக்கும்.